முதல் குழாய் ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பக்கவாதம் வந்தவரிடம் ஆய்வுக்காக ரத்தம் எடுக்கும்போது, முதலில் நிரம்பும் குழாயைக் குப்பையில் போடமாட்டார்கள். அதன்மேல் பெயரை ஒட்டி, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அனுப்பிவிடுவார்கள். முடிவு வந்ததும் வீட்டாரைக் கூப்பிட்டு, "இது உங்க முதல் குழாய்" என்று சொல்லியே காட்டுவார்கள். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, வேற எந்த லேப்லயும் இப்படிக் கிடையாது. யாரு போட்ட ரூல் இது?" நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் மூன்று கேள்விக்குறிகள் வந்து விழுந்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கைப்பேசியில் தட்டித் தட்டி எழுத எனக்கும் பொறுமை கிடையாது. ஆகவே தாளில் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. கெடா மாநிலத்தில் அரசாங்க மருத்துவமனைகளில் ஆய்வகத் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளுக்கு நான் மிஸ்ஸி. இங்கே தாதியரைத்தான் மிஸ்ஸி என்பார்கள். ஆரம்பத்தில் நான் மிஸ்ஸி இல்லை, லேப் ஆள் என்று திருத்திக்கொண்டிருந்தேன். "வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு ஊசிய நீட்டுறவங்க மிஸ்ஸி இல்லாம வேற யாருலா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றோடு விட்டுவிட்டேன்.

செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவுக்கு ரப்பர் புகைக்கூடத்தில் வேலை. ஐந்தாம் படிவம் முடித்து, கோலாலம்பூரில் படித்து, முதல் வேலைக்கு வந்தபோது எனக்கு நுண்ணோக்கி பார்க்கவும் தெரியும், சண்டை போடவும் தெரியும். மற்றதெல்லாம் வேலையில்தான் கற்றேன். பல வருடங்கள் மலேரியா, டெங்கி, காசநோய். ஒரு காலத்தில் பாதி ஊரை முகத்தால் அல்ல, சிறுநீரின் நிறத்தால் அடையாளம் தெரிந்துவைத்திருந்தேன். சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால் குழாயின் எண்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்த வியாதியைத் தீர்த்தவர் டாக்டர் ஹஸ்னா.

அவர் நரம்பியல் மருத்துவர், மலாய்ப் பெண்மணி. ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பக்கவாத ஆய்வு ஒன்றை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார். ரத்தக்குழாயின் உட்சுவர் ஒரு மெல்லிய படலம். அது கிழிந்தால் அடைக்க, எலும்பு மஜ்ஜையிலிருந்து சில செல்கள் ரத்தத்தில் இறங்கி வரும். மூளையில் ஒரு பக்கம் ரத்தம் நின்றுபோன பிறகு, இந்தச் செல்கள் அங்கே போய்ப் பழுதான குழாயைச் செப்பனிடவும் புதுக் குழாய் துளிர்க்கவும் உதவுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். அவை அதிகம் உள்ளவர்கள் நன்றாகத் தேறுகிறார்களா என்பதுதான் எங்கள் ஆய்வின் கேள்வி. அந்தச் செல்களுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. டாக்டர் ஹஸ்னா அவற்றைத் 'துக்காங்' என்பார். மலாயில் கைவேலைக்காரருக்கெல்லாம் அந்தப் பெயர்தான். வீடு கட்டுகிறவரும் துக்காங், குழாய் ஒட்டுகிறவரும் துக்காங். "துக்காங் வந்துட்டாங்களா, பிலோ?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே வருவார்.

குள்ளமான உருவம், மெதுவான நடை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மேசையைத் துடைக்க ஆரம்பிப்பார். மேசை பளபளத்தால் யாருக்கோ இன்று கெட்ட நாள் என்று அர்த்தம். முடிவைக் கொண்டுபோனால் என்ன வந்தது என்று கேட்கமாட்டார், "நீ என்ன பார்த்தாய்?" என்பார். முதல் வாரமே எனக்கு ஒரு கட்டளை போட்டார். குழாயைக் கருவியில் வைக்கும் முன் நோயாளியின் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எண்ணைப் படித்தால் எண்தான் மனதில் நிற்கும் என்றார். மூடிய அறைக்குள் தனியாக நின்றுகொண்டு, "கண்ணையா த/பெ வீராசாமி" என்று நான் உரக்கச் சொல்வதைக் கேட்டுத் துப்புரவுப் பணியாளர் பயந்துபோனதுண்டு.

அன்றைய வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். நோயாளி உட்கார்ந்து மூச்சு சமனப்பட வேண்டும். நல்ல கையில்தான் ஊசி. வாதம் அடித்த கையில் உணர்ச்சி இருக்காது, வீக்கம் இருக்கும், வலித்தாலும் சொல்லத் தெரியாது. புஜத்தில் பட்டையை இறுக்கமாகக் கட்டக்கூடாது. ஊசி இறங்கியதும் வருகிற முதல் குழாயைக் கழித்துவிட வேண்டும். இரண்டாவது, ஊதா மூடிக் குழாய்தான் எண்ணுவதற்கு. அதைக் குலுக்கவே கூடாது, தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல மெல்லச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு சாயம் ஒட்டிய எதிர்ப்பொருள்களைச் சேர்த்து இருட்டில் வைத்து, சிவப்பணுக்களைக் கரைப்போம். மீதியை ஒற்றை வரிசையில் லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடும் கருவி. திரையில் புள்ளிகள் மழையாக விழும். அத்தனை புள்ளிகளில் ஓர் ஓரத்தில் ஒன்றிரண்டு தனியாகத் தெரியும். அவர்கள்தான் துக்காங். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஓரத்தில் ஒரு புள்ளி விழும்போது எனக்கு மகிழ்ச்சி வந்துவிடும்.

கண்ணையா பீடோங் சந்தையில் கருவாடு விற்றவர். மனைவி லெட்சுமியும் அவரும் சேர்ந்து நடத்திய கடை. தஞ்சோங் டாவாய்க்குப் போய் நெத்திலியும் கருவாடும் வேனில் ஏற்றி வருவது அவர் வேலை. விற்பதும் அவர் வேலைதான், ஏனென்றால் அந்தக் குரல் சந்தையின் மறு கோடிவரை கேட்கும். ஒரு காலை சரக்கு இறக்கும்போது வலது கையிலிருந்து கூடை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "சரி." பசிக்கும் சரி, வலிக்கும் சரி, கோபத்துக்கும் சரி. ராகத்தை வைத்துத்தான் பொருள் கண்டுபிடிக்க வேண்டும்.

வார்டில் இருந்தபோதே அவரை ஆய்வில் சேர்த்து முதல் தடவை ரத்தம் எடுத்தோம். லெட்சுமி அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். இரண்டாவது தடவை கிளினிக்கில். லெட்சுமி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் குழாய் நிரம்பியது. வழக்கம்போல மஞ்சள் தொட்டியில் போட்டேன்.

"மிஸ்ஸி, அத ஏன் அதுல போட்டீங்க?"

"அது முதல் குழாய்ம்மா. அதுல எண்ணினா கணக்கு தப்பா வரும். ஊசி குத்துற எடத்துல குழாயோட சுவர் கொஞ்சம் பேந்து வரும். அதுவும் நாங்க தேடுற செல்லும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும்."

"என்னமோ சொல்லுங்க. அவரு ரத்தத்த குப்பையில வீசினீங்க. நான் கண்ணால பாத்தேன்."

"கொஞ்சம்தான்ம்மா."

"கொஞ்சமா? பாதி ஒடம்பு செத்துக் கெடக்கு. இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சி குப்பையில போடுறீங்க. ஆளு ஏழைன்னா ரத்தமும் ஏழையா?"

கண்ணையா இடையில், "சரி! சரி! சரி!" என்று சத்தம் போட்டார். அவர் யார் பக்கம் பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லெட்சுமி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது குழாய் என் கையிலேயே இருந்தது. அதை எண்ண எனக்கு அனுமதி உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

அடுத்த தவணைக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ரத்தம் தராமல் போனால் போகட்டும், ஆய்வுக்கு வேறு ஆள் கிடைப்பார். ஆனால் எங்கள் தவணை நாளில்தான் இயன்முறைப் பயிற்சியும் மருந்தும் வைத்திருந்தார்கள். ரத்தத்துக்குக் கோபித்துக்கொண்டவர்கள் பயிற்சியையும் விட்டுவிட்டார்கள். பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள் தங்கம். மூளை கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் காலம் அது. அந்த மாதங்கள் கழிந்துபோனால் அந்தக் கை மடங்கியது மடங்கியபடியே நின்றுவிடும். நான் இரண்டு முறை போன் செய்தேன். எடுத்தது லெட்சுமியின் தம்பி குணா. "அக்கா கோவமா இருக்காங்க. மாமாவுக்கு வேற வைத்தியம் பாக்குறோம்" என்றான்.

என்ன வைத்தியம் என்று கேட்டேன்.

"புறா ரத்தம்."

நம் ஆட்களில் வாதம் என்றால் புறாவைத் தேடி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறுத்த சூட்டோடு ரத்தத்தை மரத்துப்போன கையிலும் காலிலும் தேய்த்து உருவிவிடுவார்கள். நான் டாக்டர் ஹஸ்னாவிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் கிண்டல் இருந்தது. அவர் ஸ்பிரிட்டை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். யார்மேல் கோபம் என்று பார்த்தேன். புறாமேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மேசை முழுதும் துடைத்து முடித்துவிட்டு, "சனிக்கிழமை காலையில் உனக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டார்.

பீடோங் சந்தைக்கு அவருடைய காடியில், அவரே ஓட்ட, போனோம். லெட்சுமி தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், குடை நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணையா. வலது கை மடியில் கிடந்தது. முழங்கைவரை காய்ந்துபோன கறுப்பு. கருவாட்டு வாடையில் அதன் வாடை தெரியவில்லை. எங்களைக் கண்டதும் லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளுக்கு நிறுக்க ஆரம்பித்தார். டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? வாடிக்கையாளர்களோடு வரிசையில் போய் நின்றார். வார்டில் அவர் நடந்து வந்தால் இளம் மருத்துவர்கள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அவர் இங்கே கருவாட்டு வரிசையில், ஒரு காய்கறிக் கூடைக்குப் பின்னால்.

அவர் முறை வந்தது. லெட்சுமிக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. நடுவில் நான் தேவைப்படவில்லை.

"என்ன வேணும்? கருவாடா?" என்றார் லெட்சுமி.

"கருவாடும் வேணும், காக். மன்னிப்பும் கேட்கணும்." காக் என்றால் அக்கா. "உங்க வீட்டுக்காரர் ரத்தத்தை உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லாம கழிச்சோம். அது மரியாதை இல்லை. மன்னிச்சுக்குங்க."

அரசாங்க வேலையில் அத்தனை வருடம் இருந்தவள் நான். ஒரு நிபுணத்துவ மருத்துவர் மீன் தண்ணீரில் நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்டு அதற்குமுன் பார்த்ததில்லை. லெட்சுமி அதற்கெல்லாம் மசியவில்லை.

"நீங்க ரத்தத்த எடுத்து வீசுறீங்க. அவங்க ரத்தத்த கொண்டாந்து ஊத்துறாங்க. நான் யாரு பக்கம் போவேன், சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணையாவின் அருகில் போய் அனுமதி கேட்டு, அந்தக் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இருந்தது. "புறா ரத்தம் தோலுக்கு வெளியிலேயே நிற்கும், காக். தோல் நல்லா இருக்கிறவரைக்கும் எனக்குப் பயம் இல்லை. மாத்திரை கொடுக்கிறீங்களா?"

லெட்சுமி தராசைப் பார்த்தார். "ரெண்டு வைத்தியமும் கலக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நிப்பாட்டிட்டோம்."

"அதுக்குத்தான் பயப்படுறேன். சீக்கிரம் மறுபடி ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர்.

பிறகு முதல் குழாய் ஏன் கழிகிறது என்பதை மறுபடி விளக்கினார். நான் சொன்ன அதே விஷயம்தான். ஆனால் அவசரப்படாமல், தன் முழங்கையை நீட்டி, எங்கே ஊசி போகும், எங்கே சுவர் உரசும் என்று காட்டினார். நடுவில் இரண்டு பேர் நெத்திலி வாங்கிக்கொண்டு போனார்கள், அவரும் காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். லெட்சுமி யோசித்தார்.

"எங்க வீட்டு பைப்ப காலையில தொறந்தா மொத தண்ணி துருவா வரும். அத குடிக்கப் புடிக்க மாட்டோம். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"ஆனா அத வீச மாட்டோம் டாக்டர். வாசலக் கழுவுவோம், செடிக்கு ஊத்துவோம். அவரு ரத்தம் குப்பைக்குப் போகக் கூடாது. போகாதுன்னா சொல்லுங்க, வரோம்."

சந்தைக்காரியிடம் பேரம் பேசி யார் ஜெயிக்க முடியும்? டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிலோ, முதல் குழாயில் சர்க்கரை, கொழுப்பு பார்க்கலாமா?" பார்க்கலாம் என்றேன். பேந்து வரும் அந்த நாலு செல்லால் சர்க்கரைக் கணக்குக் கெட்டுவிடாது; சர்க்கரைக்கு உரிய வேறு நிற மூடிக் குழாயில் எடுத்தால் போதும். எப்படியும் அவருக்கு அந்தச் சோதனைகளுக்காக வேறொரு நாள் தனியாகக் குத்துகிறோம். இனி அந்தக் குத்து மிச்சம். இத்தனை நாள் எனக்கே அது தோன்றவில்லை, நடைமுறை என்று எழுதியிருந்ததைச் செய்துகொண்டிருந்தேன். நாற்காலியிலிருந்து கண்ணையா, "சரி" என்றார். இந்தத் தடவை அதன் ராகம் எல்லோருக்கும் புரிந்தது. லெட்சுமி அரைக் கிலோ நெத்திலியைப் பொட்டலம் கட்டி டாக்டரிடம் நீட்டினார். விலையில் ஒரு காசு குறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தவணைக்கு வந்தார்கள். முதல் குழாயின்மேல் லெட்சுமியின் கண் முன்னாலேயே பெயரை ஒட்டினேன். அன்று மதியமே சர்க்கரை முடிவு வந்தது. மயங்கி விழாமல் இவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கும் அளவுக்கு ஏறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானே போனேன். "இது உங்க முதல் குழாய், லெட்சுமி" என்று காட்டினேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எண்களின் பொருள் தெரியாவிட்டாலும் என் முகம் தெரிந்திருக்கும். அன்றைக்கே வார்டில் சேர்த்து, மருந்தை மறுபடி ஆரம்பித்தோம். புறா வைத்தியம் அதோடு நின்றது. குணா வாங்கி வைத்திருந்த மீதிப் புறாக்களை அறுக்க மனம் வராமல் கூண்டு கட்டி வளர்க்க ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

குணாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒருநாள் மின்தூக்கி அருகில் என்னை மறித்தான். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"அக்கா, மாமாவோட நம்பர் என்னான்னு மட்டும் சொல்லுங்கக்கா."

துக்காங் எண்ணிக்கையைக் கேட்கிறான், மாமாமேல் இவ்வளவு அக்கறையா என்று நான் உருகிப்போனேன். அந்த எண்ணை வைத்து ஒரு தனி மனிதர் தேறுவாரா மாட்டாரா என்று சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கானவர்களின் எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும் என்று அவனுக்கு நின்ற இடத்திலேயே ஒரு வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அதெல்லாம் சரிக்கா. மூணு நம்பரா, நாலு நம்பரா? நாலுன்னா இன்னைக்கு எடுத்துருவேன்லா" என்றான். லாட்டரிக்கு! நான் கையை ஓங்கியேவிட்டேன். அவன் படிக்கட்டு வழியாக ஓடினான்.

ஆனால் லெட்சுமி அதே கேள்வியைக் கேட்டபோது சிரிக்க முடியவில்லை. கிளினிக்கில், டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டார். "அந்தச் செல்லு இவருக்கு நெறைய இருக்கா, கொறைவா இருக்கா? எனக்கு மறைக்காதீங்க. தேற மாட்டாருன்னா வேன வித்துருவேன், கடைய ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துருவேன். அவர வெச்சுக்கிட்டு வீட்டோட கெடக்குறேன். தேறுவாருன்னா கடன்பட்டாவது காத்திருப்பேன்."

கண்ணையா பக்கத்திலேயே இருந்தார். பேச்சுத்தான் போயிருந்தது, கேட்பது எல்லாம் அவருக்குப் புரிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எண் தெரியும். நானே எண்ணினேன். குறைவு. திரையின் அந்த ஓரத்தில் புள்ளி விழாதா விழாதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்ற முடிவு அது. டாக்டர் ஒன்று மழுப்புவார், அல்லது விதிமுறை என்பார் என்று நினைத்தேன்.

"குறைவுதான், காக்" என்றார்.

லெட்சுமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா குறைவா இருந்தா இவர் தேறுவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? நீங்க டாக்டர்தானே?"

"தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுக்காரர் ரத்தம் எனக்கு எதுக்கு? தெரியாததாலதான் எண்ணிக்கிட்டு இருக்கோம். தெரிஞ்சதைச் சொல்றேன். மாத்திரையை விடக்கூடாது. சர்க்கரை ஏறக்கூடாது. தினமும் நடக்கணும். அந்தக் கைக்கு வேலை கொடுக்கணும், நிறைய, அலுத்துப்போற அளவுக்கு. நடந்தா அந்தத் துக்காங்குகளும் கொஞ்சம் கூடி வரலாம்னு சொல்றாங்க. வராமலும் போகலாம். வேனை விக்கணுமான்னு கேட்டா, எனக்கு அதுவும் தெரியாது. நானா இருந்தா இப்போ விக்கமாட்டேன்."

நான் பல நிபுணர்களின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். தெரியாது என்ற சொல்லை இவ்வளவு நிமிர்ந்து சொன்னவரை வேறெங்கும் பார்க்கவில்லை. லெட்சுமி என் பக்கம் சாய்ந்தார். பிறகு, "தெரியாதுன்னு சொல்ற டாக்டர நம்பலாம்" என்று தமிழில், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அதை நான் டாக்டருக்கு மொழிபெயர்த்தபோது அவர் காது சிவந்துபோனது. வேன் விற்கப்படவில்லை.

அந்தக் கைக்கு வேலை என்றதும் பயிற்சி அறையில் பிளாஸ்டிக் முளைகளும் பலகையும் கொடுத்தார்கள். முளையைப் பிடித்துத் துளையில் வைக்க வேண்டும். கண்ணையாவுக்கு அது பிடிக்கவில்லை. குழந்தை விளையாட்டு என்று நினைத்திருப்பார். "சரி" என்று சொல்லிப் பலகையைத் தள்ளிவிடுவார். லெட்சுமி ஒரு தட்டு நெத்திலியை அவர் முன்னால் வைத்தார். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, முள்ளை உருவி, இரண்டாக்கிப் போட வேண்டும். சுத்தம் செய்த நெத்திலிக்கு வாடிக்கையாளர் அதிகம். முதலில் இடது கை பிடிக்க, வலது கை வெறுமனே மேலே கிடந்தது. பிறகு வலது கை அழுத்திப் பிடிக்க, இடது கை கிள்ளியது. நசுங்கியது எல்லாம் குணாவின் வீட்டுச் சம்பலுக்குப் போனது. பயிற்சி அறைப் பெண் ஒருமுறை கேட்டாள், "இவர் வீட்ல என்ன எக்சர்சைஸ் செய்யுறாரு, நல்ல முன்னேற்றமா இருக்கே?" லெட்சுமி கண்ணையாவின் விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனார்.

நடையும் அப்படித்தான் வந்தது. வீட்டிலிருந்து தோட்டத்துக் கோயில்வரை, பிறகு செம்பனை லாரி போகும் மண்சாலை முனைவரை. பேச்சு மட்டும் முரண்டு பிடித்தது. புதிதாக ஒரு சொல் வரும், இரண்டு நாள் இருக்கும், போய்விடும். லெட்சுமி ஒருநாள் என்னிடம் உடைந்து அழுதார். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். தேநீர் வாங்கிக்கொடுத்தேன்.

இளையவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணையாவின் துக்காங் எண்ணிக்கை பின்னாலும் பெரிதாக ஏறவில்லை. ஒருமுறை சற்றுக் கூடியது, அடுத்த முறை இறங்கியது. ஆய்வில் மொத்தமாக என்ன வந்தது என்பதை டாக்டர்கள் எழுதுவார்கள், அது அவர்கள் வேலை. அந்தச் செல்கள் இல்லாமலே இவர் தேறினார் என்று நான் சொல்லவில்லை. நான் எண்ணியது கையிலிருந்து எடுத்த ஒரு குழாய் ரத்தத்தில் இருந்ததை. அவர் மூளைக்குள் யார் வந்து என்ன வேலை பார்த்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. டாக்டர் ஹஸ்னாவிடம் கற்றுக்கொண்ட பதிலையே நானும் சொல்கிறேன்: தெரியாது. இந்தச் சொல்லை வெட்கமில்லாமல் சொல்லக் கற்றுக்கொடுத்ததற்காகவே அந்த அம்மாளுக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டவள் நான். அத்தனை வருடமும் நான் ஊசி குத்த, நம்பிக் கையை நீட்டிய ஒவ்வொருவருக்கும்தான்.

கடைசித் தவணை. இதற்குப் பிறகு ஆய்வுக்காக அவரிடம் ரத்தம் எடுக்கமாட்டோம். கண்ணையா கைத்தடியோடு நடந்து வந்தார். லெட்சுமி பின்னால், கையில் டாக்டருக்கு ஒரு பொட்டலம். டாக்டரும் அன்று ரத்தம் எடுக்கும் அறைக்கு வந்திருந்தார். கண்ணையாவின் மூச்சு சமனப்படக் காத்திருந்தோம். நான் வழக்கம்போல இடப்பக்கம் போய் நின்று, பட்டையை எடுத்தேன்.

கண்ணையா இடது கையை நீட்டவில்லை. அதை நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வலது தோள் மெல்ல அசைந்தது. முழங்கை எழும்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை தானாக ஏறி, மேசைமேல் வந்து, உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியது. நெத்திலி வாடை.

"இதுல" என்றார்.

எனக்கு அந்தச் சொல் விளங்கவே சற்று நேரமானது. சரியைத் தவிர வேறெதையும் அந்த அறையில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் டாக்டரைப் பார்த்தேன். அது விதிக்குப் புறம்பு. அவர் குனிந்து அந்தக் கையைத் தொட்டார், வீக்கம் இருக்கிறதா என்று அழுத்தினார், விரல் நுனியைக் கிள்ளினார். கண்ணையா முகத்தைச் சுளித்தார். வலித்தது! டாக்டர் எடுக்கலாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது. என்னுடையதும்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.

"எடுங்க மிஸ்ஸி" என்றார் லெட்சுமி. "அது இனிமே அவரு கைதான்."

நான் வலப்பக்கம் சுற்றி வந்து பட்டையைக் கட்டினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன ஒரு வார்த்தை உண்டு. சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல் வாயிலிருந்து வரும். அன்று அதைச் சொல்ல எனக்கு மூச்சுப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கைய இறுக்கி மூடுங்கண்ணே."

சுண்டுவிரல் முதலில் மடங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை. கட்டைவிரல் தயங்கி, கடைசியாக மேலே வந்து படிந்தது. கை மூடியது.